முட்டி வலி என்று சொன்னாள்

1

நாளை ஸ்டெல்லா அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி. நாங்கள் இருக்கும் இந்த அயர்லாந்துச் சிறு நகரத்தில் பூசைக்குப் பேர் கொடுப்பதென்றாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். இறந்தவர் பெயர், வயது, உறவு, நாள். போன வாரம் கோவில் அலுவலகத்தில் நின்று அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் அம்மாள் நல்ல மனுஷி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஐம்பத்து நாலு வயதுதானா? என்ன ஆயிற்று உன் அக்காவுக்கு?"

"சிறுநீரகம்" என்றேன்.

பொய்யில்லை. இறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் காருக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அக்கா உயிரோடு இருந்தவரை மறைத்ததை, அவள் போன பிறகு நானும் மறைக்கிறேன். எத்தனை பேர் கேட்டாலும் இதே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன் போலிருக்கிறது.

அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். மூணாறு மலையில் பள்ளிவாசல் தோட்டத்திலும், அப்பால் சக்குபள்ளத்திலும் தொழிலாளர் லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் படிக்க வேண்டும். ஆண்களும் படிக்கட்டும். முகம் சுளித்தாலும் கடைசிவரை படியுங்கள்.

2

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். எனக்கு ஏழு வயதில் அம்மா இறந்துபோனாள். அம்மாவின் இடத்தில் அக்கா தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பேர் கூப்பிடுவதற்குள் எனக்குத் தலை பின்னி, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துப் பாதைவரை கொண்டுவந்து விட்டுவிட்டு மேட்டில் ஓடுவாள். அவளுக்குக் கல்யாணமாகி அந்தோணி மாமா வந்த பிறகும் நான் அவர்களோடுதான் இருந்தேன். லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. என்னை நர்சிங் படிக்க பெங்களூருக்கு அனுப்ப வேண்டும் என்று மாமாவிடம் மூன்று நாள் பேசாமல் இருந்து சாதித்தவள் அவள்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் வீட்டுப் பிரசவமில்லை, ஆஸ்பத்திரிதான். ஆனால் கடைசிப் பையன் பெரிய தலையோடு ஒன்றரை நாள் கஷ்டப்படுத்திப் பிறந்தான். பிரசவ விடுப்பு முடிந்த மறுநாளே அக்கா கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறினாள். எல்லோரும் அப்படித்தான் ஏறினார்கள். அப்போது நான் பெங்களூரில் மகப்பேறு வார்டில் பயிற்சியில் இருந்தேன். பிரசவித்த பெண் பாரம் தூக்கக் கூடாது என்று நோட்டில் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினேன்.

பிறகு அக்காவுக்கு முட்டி வலி வந்தது. தோட்டம் முழுவதும் தெரியும், ஸ்டெல்லாவுக்கு முட்டி வலி. கோவிலில் அவள் மண்டியிட மாட்டாள், உட்காரவும் மாட்டாள். பின்கதவோரம் நின்றே பூசை பார்ப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவாள். வெளியூர் பஸ் ஏறமாட்டாள். தன் மகள் வளைகாப்புக்குப் போடிக்குப் போகாமல் இருந்ததற்கும் முட்டி வலிதான் காரணம்.

நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊருக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் அக்காவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவேன். முட்டிக்கு மாட்டும் பட்டை, தேய்க்கிற களிம்பு, கால்சியம் மாத்திரை. போனில் கேட்டால், "நல்லா கேக்குதுட்டி, இப்ப பரவால்ல" என்பாள்.

என் வேலை என்னவென்று சொல்லியாக வேண்டும். காலை ஏழரைக்குப் போனதும் பன்னிரண்டு பேரிடம் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்பேன். சிறுநீர் கசிந்ததா? இருமும்போதா, எழும்போதா? அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா? கீழே ஏதாவது இறங்குவது போல, கனமாக இருக்கிறதா? அந்தப் பாட்டிகள் வெட்கப்படாமல் பதில் சொல்வார்கள். நான் குறித்துக்கொள்வேன். பன்னிரண்டு வருடமாகக் கேட்ட இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட என் அக்காவிடம் நான் கேட்டதில்லை.

3

ஆறு வருடத்துக்கு முன்பு என் இரண்டாவது பிரசவம் நெருங்கியபோது அக்காவை இங்கே அழைத்தேன். எங்கள் ஊர் நர்ஸ்கள் எல்லோரும் செய்வதுதான். மாமியாரோ அம்மாவோ வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். எனக்கு அக்கா.

தாள்கள் சேர்க்க ஐந்து மாதம் ஆனது. ரேஷன் கார்டில் ஸ்டெல்லா மேரி, ஆதாரில் ஸ்டெலா மரியா, ஞானஸ்நானச் சான்றில் எஸ்தெல்லா. இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. மலையாளத்தில் எழுதிய அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வைக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குத் தனியாக ஒரு தாள். மாமா ஒவ்வொன்றுக்கும் தேவிகுளத்துக்கும் மூணாறுக்கும் நடந்தார். கடைசியில் விசா வந்துவிட்டது. எட்டு மாத வயிற்றோடு நான் இங்கே துள்ளினேன். என் மூத்தவள் அன்னாவுக்கு அப்போது ஐந்து வயது. பெரியம்மாவுக்குத் தன் கட்டிலைத் தருவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டிக்கெட் போடுவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, நான் வரல."

"என்ன சொல்ற?"

"தோட்டத்துல ஆள் இல்ல. லீவு கேட்டா ஒரு மாதிரி பேசுதாங்க. முட்டியும் முடியல."

"வீல்சேர் போட்டுக் கூட்டிட்டு வர ஏற்பாடு பண்ணிருக்கேன்க்கா. நீ நடக்கவே வேண்டாம்."

"வேண்டாம்ட்டி. விட்ரு."

நான் அழுதேன், கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்கம்மா இருந்திருந்தா வந்திருப்பா."

"ஆமட்டி, வந்திருப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

இரண்டாவதாகப் பிறந்த ஜோயல் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை. தையலோடு வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் நானே சமைத்தேன். அதை அக்காவின் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் போன். வீடியோவில் வந்தாலும் பிள்ளைகளிடம் போனை நீட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். அன்னாவுக்கு வர வரத் தமிழ் கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவள், "பெரியம்மா, நீங்க ஏன் வராமா?" என்று கேட்டாள். "வராமா இல்ல கண்ணு, வரல" என்று அக்கா திருத்தினாள்.

இப்படி நாலு வருடம் போனது.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், அன்னாவின் பள்ளியில் விளையாட்டு நாள். கடைசியில் அம்மாக்களுக்கு ஒரு ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். அன்னா என் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினாள். விசில் ஊதினார்கள். பத்தடிகூட ஓடியிருக்கமாட்டேன், உடைக்குள் சூடாக இறங்கியது. நிறுத்த நிறுத்த இறங்கியது. வெளிர்சாம்பல் நிறக் கால்சட்டை போட்டிருந்தேன். ஜோயல் பிறந்ததிலிருந்து தும்மினால் கொஞ்சம் கசியும்தான். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று பேட் ஒன்றை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இப்படி ஆனதில்லை.

கணுக்கால் பிசகியதுபோலப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நொண்டியபடி காருக்கு நடந்தேன். "எல்லாரும் உன்னைத்தான் பார்த்தாங்க" என்று அன்னா ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். வீட்டில் என் கணவர் சேவியர் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துவிட்டார். அவரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள் நொண்டிக்கொண்டே நடந்தேன்.

வேலையில் ஒரு பாட்டியைத் தூக்கி உட்காரவைக்கும்போது மறுபடியும் ஆனது. அதன் பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் அனுப்பிய சீட்டு கடிதமாகி, கடிதம் காத்திருப்போர் பட்டியலாகி, அக்டோபரில் ஏய்லீன் என்ற இயன்முறை மருத்துவர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஏய்லீன் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை மேசைமேல் வைத்து விளக்கினாள். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் உடம்பைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை. இடுப்பெலும்பின் அடியில், முன்னாலிருந்து பின்னால்வரை, தூளி கட்டியதுபோலத் தசை விரிந்திருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. கஷ்டமான பிரசவம், பாரம் தூக்குவது, வருடக்கணக்கில் முக்கி மலம் கழிப்பது, தீராத இருமல், மாதவிலக்கு நின்றபின் வரும் தளர்ச்சி, இவையெல்லாம் தூளியைத் தொங்கவைக்கும். கொஞ்சம் தொங்கினால் கசிவு. ரொம்பத் தொங்கினால் உறுப்பே கீழே இறங்கும்.

பயிற்சி சொல்லித் தந்தாள். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோலப் பின்பக்கம் தொடங்கி, மூத்திரத்தை அடக்குவதுபோல முன்பக்கம்வரை இறுக்கி, உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. முடிந்தவரை எண்ணி, பத்துவரை போனால் நல்லது, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. தும்மல் வருமுன், பாரம் எடுக்குமுன் ஒரு பிடி பிடித்துக்கொள்ள வேண்டும். மூத்திரம் போகும்போது நிறுத்திப் பார்த்துப் பழகக் கூடாது. கசிகிறதே என்று தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. "மூன்று மாதம் விடாமல் செய். அதற்குமுன் என்னைத் திட்டாதே" என்றாள்.

பிறகு படிவத்தை எடுத்துக் கேட்டாள்: "உன் அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ இது உண்டா? சில குடும்பங்களில் வரும்."

"இல்லை" என்றேன்.

"நிச்சயமாகத் தெரியுமா? பாதிப் பேர் வெளியே சொல்ல மாட்டார்கள். நேராக உட்கார மாட்டார்கள், ஒரு பக்கமாகச் சாய்வார்கள். நிற்பதுதான் வசதி என்பார்கள். பயணம் போகமாட்டார்கள். இடுப்பு வலி, கால் வலி என்று ஏதாவது சொல்லிக்கொள்வார்கள்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பின்கதவோரம் நிற்கும் அக்கா தெரிந்தாள்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே கூப்பிட்டேன். ஊரில் அப்போது சாயங்காலம். அக்கா வேலை முடிந்து வந்திருந்தாள்.

"என்னட்டி, கிறிஸ்மஸு கூட வரலயே, போன் பண்ணுத?"

"அக்கா, உனக்குக் கீழ எறங்கி இருக்கா?"

அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாருட்டி சொன்னா? தங்கமா?" கூடவே கொழுந்து எடுக்கும் தோழியைச் சொன்னாள்.

"யாரும் சொல்லலக்கா. எத்தன வருசமா?"

"சின்னவன் பொறந்த பொறவு கொஞ்சம் கொஞ்சமா. முழுசா வெளிய வர ஆரம்பிச்சு பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும்."

"முட்டி வலி?"

"முட்டியெல்லாம் நல்லாத்தாம் இருக்கு."

"நான் நர்சுக்கா. எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?"

"நர்சுதாம். ஆனா நான் குளிப்பாட்டி வளத்த புள்ளல்லா நீ. உங்கிட்ட இத எப்படிச் சொல்ல?"

5

ஜனவரியில் ஊருக்குப் போனேன். மலை இறங்கித் தேனியில் ஒரு பெண் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்திருந்தேன். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக இருந்தாள். ஏனென்று ஜீப்பில் போகும்போது சொன்னாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், மாமாவுக்குத் தெரியாமல். புதிதாக வந்த இளம் டாக்டர், மலையாளி. அறையில் இன்னும் நாலு பேர். என்னவென்று அவர் கேட்க, இவள் குனிந்தபடி வாய்க்குள்ளேயே "எறக்கம்" என்றிருக்கிறாள். "உறக்கமா? உறக்கம் வருந்நில்லே?" என்று அவர் கேட்டிருக்கிறார். தூக்கம் வரவில்லையா என்று. இவள் தலையாட்டிவிட்டாள்.

"மாத்திர தந்தாரு. நல்ல மனுசன். அதப் போட்டா நல்லாத் தூங்கினேன்" என்று சொல்லி அக்கா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று காலை கிளம்பும் முன்பு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் கொண்டுபோயிருந்த பேட் ஒன்றை அவளுக்கு வைத்துவிட்டேன். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் ஆயிரம் பேருக்கு இதைச் செய்திருப்பேன். அன்று இரண்டு தடவை கழற்றி மறுபடி வைத்தேன். கர்ப்பப்பை முழுதும் வெளியே இருந்தது. துணி உரசி உரசி ஒரு பக்கம் புண்ணாகியிருந்தது. பழைய சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு அவள் அத்தனை வருடம் மலை ஏறி இறங்கியிருக்கிறாள். சரிவில் ஒதுங்க இடமில்லாததால் வேலை நாட்களில் மத்தியானம்வரை தண்ணீரே குடிப்பதில்லை.

ஜீப்பில் நான் கேட்டேன். "அன்னைக்கு நீ அயர்லாந்துக்கு வராததும் இதனாலதானா?"

"வேற என்னட்டி" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

"நான் அம்மாவப் பத்தி ஒண்ணு சொன்னேன்லக்கா."

"என்ன சொன்ன? எனக்கு நெனப்பில்ல."

தேனியில் டாக்டர் பார்த்தார். முதலில் புண் ஆற வேண்டும் என்று ஒரு வாரம் படுக்கவைத்தார். ஆறியபின் கர்ப்பப்பையை மெல்ல உள்ளே தள்ளி, அது இறங்காமல் தாங்க ஒரு சிலிக்கான் வளையத்தை வைத்தார். பத்து நிமிஷ வேலை. சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா கட்டிலிலிருந்து இறங்கி நின்றாள். வராந்தாவில் கடைசிவரை நடந்து போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, நேராக உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணுமே இல்லட்டி கீழ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இம்புட்டுதாம் வேலையா?" என்று கேட்டாள்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கேன் படம் மேசையில் இருந்தது. கர்ப்பப்பையோடு மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியதால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் இரண்டும் வருடக்கணக்கில் மடங்கியே இருந்திருக்கின்றன. வழியில்லாமல் தேங்கித் தேங்கிச் சிறுநீரகங்கள் வீங்கிவிட்டன. ஒன்று செத்துவிட்டது. மற்றது கால்வாசிதான் வேலை செய்கிறது.

"வெளியே தெரியாது. வலிக்காது. அதான் இதுல மோசம்" என்றார். "எறக்கம் வந்த எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவங்க ரொம்ப நாள் விட்டுட்டாங்க." பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்க நர்ஸ்தானே? வீட்ல யாரும் கவனிக்கலையா?"

6

அதற்குப் பிறகு அக்கா பத்து மாதம் இருந்தாள்.

முதல் ஐந்து மாதம் நன்றாக இருந்தாள். அதைச் சொல்ல வேண்டும். கோவிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பூசை பார்த்தாள். மகள் வீட்டுக்குப் போடிக்குப் போய் நாலு நாள் தங்கினாள். தினமும் நானும் அவளும் வீடியோவில் சேர்ந்து பயிற்சி செய்தோம். அவள் முகத்தைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, கண்ணை உருட்டுவாள். "முகத்த விட்ருக்கா, கீழ மட்டும்" என்பேன். இருவரும் சிரித்துச் சிரித்தே பிடி விட்டுப்போகும். எனக்கு அதில் கசிவு நின்றது. அவளுக்கு அந்தப் பயிற்சி பெரிதாக ஒன்றும் செய்திருக்காது. இறக்கம் அந்த அளவுக்குப் போன பிறகு வளையமோ அறுவை சிகிச்சையோதான் வழி. அறுவைக்கு அவள் சிறுநீரகம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் ஒருநாள்கூட விடவில்லை. "நீ கூப்பிடுவல்லா, அதுக்குத்தாம்" என்றாள்.

ஜூலையில் வாந்தி, கால் வீக்கம். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். நவம்பரில் காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்தில் ஏறி, மூன்றே நாளில் போய்விட்டாள்.

நான் போகவில்லை. இங்கே தங்குவதற்கான என் அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கையில் இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்ற குரல்தான். பக்கத்து வீட்டுப் பெண் பிடித்திருந்த போனில் அடக்கத்தைப் பார்த்தேன். குழிக்குள் இறக்கும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று அன்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு நாளில் எனக்குக் கணுக்கால் பிசகவில்லை என்பதிலிருந்து தொடங்கினேன். என்னை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, அசையாமல் கேட்டாள். கடைசியில் ஆங்கிலத்தில், "பெரியம்மா ஏன் சொல்லவே இல்லை? சொல்லியிருக்கலாமே" என்றாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபம். அந்தச் சுலபம் அவளிடம் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

7

அட்டை மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஜெபம் முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியானம் லயத்துக் குழாயடியில் தங்கம் அக்காவும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். தங்கம் அக்கா முப்பது வருடமாக அக்காவோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவள். இந்துக் குடும்பம், ஆனாலும் எங்கள் வீட்டுச் சமையலில் பாதி அவள் கைதான்.

"எனக்கும் உண்டுட்டி" என்றாள், பாத்திரத்தைப் பார்த்தபடியே. "அவ்வளவுக்கு இல்ல, கொஞ்சம். நாங்க ரெண்டு பேரும்தாம் பேசிக்கிடுவோம். தேனி டாக்டருட்ட நானும் போயிட்டு வந்துட்டேன். உங்கக்கா வெரட்டி வெரட்டி அனுப்பினா."

"நல்லதுக்கா."

"இன்னொண்ணு சொல்லணும். சொல்லாதன்னு சத்தியம் வாங்கிருந்தா. இனி என்ன." கையைக் கழுவிவிட்டு அவள் திட்டில் உட்கார்ந்தாள். "நீ அவள வெளிநாட்டுக்குக் கூப்பிட்டேல்லா. அவ வாரேன்னுதாம் இருந்தா."

"தெரியும்க்கா. உடம்பு இப்படி இருந்ததால வேண்டாம்னுட்டா."

"ஒனக்குத் தெரியாது. அவ போய்ப் பாத்தா."

"எங்க?"

"ஏர்போட்டுக்கு. பிளேன்ல ஏற இல்லட்டி. சும்மா அங்கவரைக்கும் பஸ்ல போய்ட்டுத் திரும்பி வர. தாங்குதான்னு பாக்க. மொத வாட்டி ஒத்தையில போனா. கல்லாரு தாண்டல, நனைச்சிட்டு எறங்கிட்டா. ரெண்டாவது வாட்டி முந்தின ராத்திரியே தண்ணி குடிக்கல. அடிமாலிவரைக்கும் போனா. மூணாவது வாட்டி என்னையும் கூட்டிட்டுப் போனா. ஒரு நாள் முழுசா பச்சத்தண்ணி பல்லுல படல. நேரியமங்கலம் பாலத்துக்கிட்ட வரும்போது எந்திரிச்சு நின்னுட்டா. கண்டக்டர்ட்ட சொல்லி நிறுத்தச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், ஆம்பளையாளு, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னுட்டா. நின்னுக்கிட்டே வந்தா. சேலை எல்லாம் போச்சு."

நான் குழாயை மூடினேன்.

"பாலத்துல எறங்கினோம். 'ஏட்டி தங்கம், இனி எவ்வளவு தூரம் இருக்கு?'ன்னு கேட்டா. பாதிதாம் வந்திருக்கோம்னேன். அங்கனயே உக்காந்து அழுதா. வீட்டுக்கு வந்துதாம் ஒனக்கு போன் பண்ணினா."

மூன்று நாள் கழித்துக் கிளம்பினேன். கொச்சி விமான நிலையத்துக்கு அந்த ஒரு பாதைதான். வாடகைக் கார் ஓட்டியவர் மலையாளி, நடு வயது, தமிழும் கலந்து பேசினார். கல்லார் போனது. அடிமாலியில் மழை தூறியது. பிறகு காடு. நேரியமங்கலம் பாலம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இறங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பெரியாறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் நிற்காமல் போனது.

டிரைவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"பாத்ரூம் போகணோ சேச்சி? கொஞ்சம் தள்ளி ஹோட்டல் உண்டு. சொன்னா போதும், எங்க வேணாலும் நிறுத்தித் தரலாம்."